கடலைச் சட்டையும் மொட்டைச் சட்டையும்

நூலுருண்டை பறந்து போய்ச் சன்னல் கம்பியில் பட்டு எங்கேயோ விழுந்தது. எங்கே என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருமே கண் தெரியாதவர்கள்.

“விழுந்த சத்தம் கேட்டுச்சு ஆன்டி,” என்றாள் ரிஸ்வானா. “எறிஞ்சவங்கதான் தேடி எடுக்கணும். இங்க அதான் சட்டம்.”

“நான் தேட மாட்டேன், போ.”

“அப்ப அங்கேயே கெடக்கட்டும். ராத்திரி பூனை வந்து உங்களுக்குப் பதிலா பின்னி வைக்கும். உங்களைவிட நல்லாவே வரும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நூலை எறிந்த புனிதா சிரிக்கவில்லை. கையில் இருந்த கொக்கி ஊசியை எறியாமல் இருப்பதற்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேலே, மாடியில் அந்த அறை. கீழேயிருந்து மல்லிகை வாசனையும் வடைச்சட்டி எண்ணெயும் ஒன்றாக ஏறி வரும். மோனோரயில் கடக்கும்போதெல்லாம் நாற்காலி லேசாக அதிரும். வாரத்தில் இரண்டு காலை அங்கே பின்னல் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற ரிஸ்வானாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறக்கும்போதே பார்வை இல்லாதவள். மற்ற நேரமெல்லாம் அதே தெருவில் ஒரு மசாஜ் கடையில் வேலை. கையில் பலம் ஜாஸ்தி, வாயில் அதைவிட ஜாஸ்தி.

புனிதா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருகிறவள். ஐம்பது தாண்டியவள். இனிப்பு நீர் வியாதி அவள் பார்வையை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற ஒரு சாம்பல் மூட்டம் மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் போர்ட் கிள்ளானில் ஒரு கம்பெனியில், எந்த லோரி எங்கே போகணும் என்று அனுப்புகிற வேலை பார்த்தாள். வாக்கிடாக்கியில் அவள் ஒரு சத்தம் போட்டால், லோரிக்காரர்கள் பாதி தின்ற ரொட்டி சானாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடுவார்கள். கண் போனாலும் அந்தக் குரல் போகவில்லை.

“பாப்கார்னாம் பாப்கார்ன்!” என்றாள் அந்தக் குரலில். “வெளிய உப்ப வேண்டியது பாதி உள்ள உப்புது. இதை வச்சு நான் என்ன பண்றது?”

இத்தனை கோபமும் ஒரு பின்னலுக்காகவா என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. கதையைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும்.

புனிதாவுக்கு இரண்டு ஊசிப் பேனா. இரண்டிலும் இன்சுலின்தான். ஆனால் குணம் வேறு. ஒன்று காலையில் போடுவது, பெரிய அளவு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும். இன்னொன்று சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, சின்ன அளவு, போட்ட உடனே சர்க்கரையைச் சரசரவென்று இறக்கிவிடும். பேனாவின் திருகைத் திருப்பினால் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும். அதை எண்ணி அளவு வைத்துக்கொள்வாள். அதில் அவளுக்குத் தகராறு இல்லை. தகராறு என்னவென்றால், கையில் எடுத்தால் இரண்டு பேனாவும் ஒரே மாதிரி இருக்கும். அதே தடிமன், அதே நீளம், அதே வழவழப்பு.

அதற்கு அவள் தம்பி லோகன் ஒரு வழி சொன்னான்.

“ரொம்ப ஈசிக்கா. பச்சைப் பேனா காலைக்கு, ஆரஞ்சுப் பேனா சாப்பாட்டுக்கு. அவ்வளவுதான்லா.”

சொல்லிவிட்டுத் திருப்தியாகத் தேத்தண்ணி குடித்தான். யாரிடம் சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. புனிதா, “ரொம்ப நன்றிப்பா. மயில் கழுத்து நெறத்துல ஒண்ணு இருந்தா அதையும் வாங்கிட்டு வா,” என்றாள். அவன் அதற்கும் சரி என்றான்.

அவள் தானாக ஒரு வழி செய்தாள். சாப்பாட்டுப் பேனாவில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தாள். கொஞ்ச நாள் சரியாகத்தான் போனது. தீபாவளி முடிந்த வாரம் ஒரு காலை, ரப்பர் பேண்டு இளகி அறுந்து கிடந்தது. இரண்டு பேனாவும் மொட்டை. இடது பக்கம் வைத்தது எது என்று ஞாபகத்தை நம்பி ஒன்றை எடுத்தாள். ஞாபகம் காலை வாரிவிட்டது. காலை ஊசியின் பெரிய அளவை, வேகமான மருந்தில் போட்டுக்கொண்டாள்.

முதலில் வியர்த்தது. பிறகு கை நடுங்கியது. தட்டு கீழே விழுந்து உடைந்ததுதான் அவளுக்குக் கடைசியாகக் கேட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் லீஜா அந்தச் சத்தத்தில் ஓடி வந்து, வாயில் ரோஸ் சிராப்பை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். இல்லாவிட்டால் நான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவேண்டி வந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி லோகன் சொன்னான்:

“போதும்கா. பிளாட்டை வாடகைக்கு விட்டுடலாம். பூச்சோங்ல என் வீட்டுக்கு வந்துடு. கீழ் ரூமைக் காலி பண்ணித் தரேன்.”

“என் வீட்டை எதுக்குடா நீ வாடகைக்கு விடுற?”

“சரி, பொங்கல் கழிஞ்சு சீனப் பெருநாள் வருதில்ல, அது வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள இன்னொரு தடவை ஊசி மாறிப்போச்சுன்னா, உன்னைக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அந்தக் கிள்ளான் பிளாட் அவள் சம்பளத்தில் வாங்கியது. அப்பா போனபின் லோகனைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துவைத்து அனுப்பியதும் அந்த வீட்டிலிருந்துதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்தச் சுவரில் எந்த ஆணி இருக்கிறது என்று அவள் காலுக்கும் கைக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் பூச்சோங்கில் இருந்து பார்த்தாள். லோகன் மனைவி மலர் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் புனிதா தண்ணீர் எடுக்க எழுந்தால், “நீங்க உட்காருங்க அண்ணி.” தட்டைக் கழுவப் போனால், “உட்காருங்க அண்ணி.” கக்கூசுக்குப் போக எழுந்தால்கூட, “உட்காருங்க அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன்.” ஒரு வாரத்தில் சோபாவில் அவள் உட்கார்ந்த இடம் குழி விழுந்துவிட்டது. அந்தக் குழியில் உட்கார்ந்துகொண்டுதான் முடிவெடுத்தாள். இங்கே வந்தால் நான் செத்த மாதிரிதான்.

கைத்தடி பிடித்து நடக்கப் பழகுவதற்காக அவள் ஏற்கெனவே பிரிக்பீல்ட்ஸ் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அங்கேதான் ரிஸ்வானா அறிமுகமானாள். ஒரு நாள் புனிதா தன் பேனாக் கதையைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தபோது, ரிஸ்வானா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க.”

பாட்டிலுக்கு நூலில் ஒரு சட்டை போட்டிருந்தது. சட்டை முழுக்கக் குண்டுகுண்டாகப் புடைத்து நின்றது. வேகவைத்த கொண்டைக்கடலையை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரி.

“இது தலைக்குப் போடுற ஷாம்பு. மொட்டையா இருக்கிறது உடம்புக்குப் போடுற சோப்பு. ரப்பர் பேண்டு மாதிரி அறுந்து விழாது. இந்தப் பின்னலுக்குப் பாப்கார்ன்னு பேரு.”

“கடலைன்னு சொல்லு.”

“கடலையோ முறுக்கோ, கத்துக்கிறீங்களா?”

அப்படித்தான் அந்த மாடிக்கு ஏறி வந்தாள் புனிதா.

உங்களில் ஊசி பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணப் பின்னலில் ஒரு ஓட்டைக்கு ஒரு கால்தான் நிற்கும். கடலைக்கு ஒரே ஓட்டையில் ஐந்து காலை நெருக்கி நிறுத்தணும். பிறகு ஊசியை நூலைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசிக் கண்ணி பிடிப்பில்லாமல் அப்படியே தொங்கும். ஊசியை முதல் காலின் தலையில் நுழைத்து, தொங்குகிற கண்ணியைப் பிடித்து அதன் வழியாக இழுத்தால், ஐந்து காலும் குனிந்து ஒன்றுசேர்ந்து ஒரு குண்டாகப் புடைத்துக்கொள்ளும். சொல்லும்போது இவ்வளவுதான்.

புனிதாவுக்கு எல்லா இடத்திலும் கோளாறு வந்தது. முதலில், நூலை அவள் இழுத்த இழுப்பு. தம்பியை நினைத்துக்கொண்டே பின்னுவாள். பச்சையாம், ஆரஞ்சாம் என்று நினைப்பாள், நூல் ஒரு இறுக்கு இறுகும். உட்காருங்க அண்ணி என்று காதில் கேட்கும், இன்னொரு இறுக்கு. கடைசியில் முதல் காலின் தலையில் ஊசி நுழைய இடமே இருக்காது.

ரிஸ்வானா அதைத் தடவிப் பார்த்தாள். “ஆன்டி, நீங்க பின்னுறீங்களா, யார் கழுத்தையாவது நெரிக்கிறீங்களா?”

“நெரிக்கத்தான் போறேன்.”

“நெரிங்க. வீட்டுக்குப் போய் நெரிங்க. இங்க நூலை விடுங்க. உங்க தம்பி இதுக்குள்ள இல்ல.”

இரண்டாவது, கண்ணியைத் தொங்கவிடுவது. ஊசியை வெளியே எடுத்ததும் அவளுக்குப் பதறும். கண்ணி எங்கே என்று தேடுகிற அவசரத்தில் நூலை இழுப்பாள். ஐந்து காலும் சுர்ரென்று பிரிந்து போய்விடும். முதல் நாள் முழுக்க அவள் பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

“தொங்கட்டும் விடுங்க. அது எங்கயும் ஓடாது. கட்டை விரலை அது காலடியில வைங்க. இழுக்காதீங்க, இருக்கான்னு மட்டும் பாருங்க.”

மூன்றாவதுதான் நூலுருண்டை பறந்ததற்குக் காரணம். ஒரு வரிசை முடிந்தால் பின்னலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசை போடணும். திருப்பினால் முகம் அந்தப் பக்கம், முதுகு இந்தப் பக்கம். அதே மாதிரி ஊசியை விட்டால் கடலை முதுகுப் பக்கம் புடைத்துவிடும். கண் தெரிகிறவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்கள். புனிதாவுக்கு முகம் எது, முதுகு எது என்றே பிடிபடவில்லை. ஒரு வரிசைக் கடலை வெளியே, அடுத்த வரிசைக் கடலை உள்ளே என்று வந்துகொண்டிருந்தது.

ரிஸ்வானா எழுந்து, சன்னலோரம் காலால் துழாவி, நூலுருண்டையை எடுத்து வந்து புனிதாவின் மடியில் போட்டாள். சட்டம் பேசியவளே போய் எடுத்து வந்தாள். பிறகு தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் புனிதாவின் பின்னலில் குத்தினாள்.

“இந்த ஊக்கு இருக்கிற பக்கம்தான் முகம். ஊக்கு உங்க பக்கம் இருந்தா ஊசி முன்னாலேர்ந்து போகணும். ஊக்கு அந்தப் பக்கம் இருந்தா ஊசி பின்னாலேர்ந்து வரணும். அப்ப எல்லாக் கடலையும் ஒரே பக்கம் நிக்கும்.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“முதல்லயே சொன்னேன். அப்ப நீங்க யாரையோ திட்டிக்கிட்டு இருந்தீங்க.”

கிறிஸ்துமஸுக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பேனாவுக்குக் கடலைச் சட்டை. காலைப் பேனாவுக்கு மொட்டைச் சட்டை. பட்டையாகப் பின்னி, சுருட்டி, ஓரத்தைத் தைத்து, பேனாவின் உடம்பில் இறுக்கமாக ஏற்றினாள். நூலெல்லாம் ரிஸ்வானாவின் கூடையில் கிடந்தது. கைக்கு வந்ததை இருவரும் எடுத்தார்கள். மெத்தென்று இருக்கிறதா, வழுக்குகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் எழுந்து மொட்டையைத் தேடி எடுப்பாள், கிளிக் எண்ணுவாள், போட்டுக்கொள்வாள். சோற்றுக்கு முன்னால் கடலை. காக் லீஜா முதல் வாரம் சந்தேகத்தோடு வந்து வந்து எட்டிப் பார்த்தாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள். லோகன் போன் போட்டால், “உயிரோடதான் இருக்கேன், வை,” என்பாள் புனிதா.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் வீடு கழுவுவது நம்ம வழக்கமாச்சே. மலர் பூச்சோங்கில் தன் வீட்டைக் கழுவி முடித்துவிட்டு, மத்தியானம் கிள்ளானுக்கு வந்து இறங்கினாள். லோகனிடம் இருக்கிற மாற்றுச் சாவியில் திறந்துகொண்டு வந்தாள். புனிதா அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பொங்கல் கூட்டம். நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் மேட்டுக் கல்லின் மேலேயே ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள். கைத்தடி அதில் இடித்தது.

“யாருது இந்த மோட்டார்?” என்று அவள் போட்ட சத்தத்தில் கரும்பு வாங்கிக்கொண்டிருந்த தெருவே திரும்பியிருக்கும்.

“சோரி ஆன்டி, ரெண்டே நிமிஷம்,” என்றது ஒரு குரல்.

“ரெண்டு நிமிஷம் நான் உன் தலை மேல நிக்கட்டுமா?”

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால், வீடு முழுக்க ஈரம். பினாயில் வாசனை. மலர் சலவை வரைக்கும் முடித்துவிட்டிருந்தாள்.

“உட்காருங்க அண்ணி, வழுக்கும்,” என்றாள்.

புனிதா உட்காரவில்லை. ஆனால் பொங்கலாச்சே என்று ஒன்றும் சொல்லவும் இல்லை. மலர் மாலையில் கிளம்பினாள். போகும்போது அவள் குரலில் ஏதோ ஒரு தயக்கம் இருந்தது. “பத்திரமா இருங்க அண்ணி. எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிருக்கேன்,” என்றாள். அன்று ராத்திரி புனிதா அலுப்பில் சாப்பிடாமலே படுத்துவிட்டதால், சாப்பாட்டு ஊசிக்கு வேலை வரவில்லை.

மறுநாள் பொங்கல் காலை. புனிதா குளித்துவிட்டு வந்து மேசையில் கை வைத்தாள். மொட்டைச் சட்டை கையில் பட்டது. எடுத்தாள். திருகைத் திருப்பிக் கிளிக் எண்ணினாள். சேலையை ஒதுக்கி வயிற்றில் வைக்கப் போனாள்.

வாசனை வந்தது.

சவர்க்காரமில்லை. துணி மெத்தென்று இருக்க மலர் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற அந்தப் பூவாசனை. பூச்சோங் தலையணையில் ஒரு வாரம் முகர்ந்த வாசனை. அது அவள் வயிற்றுக்குப் பக்கத்தில், ஊசிப் பேனாவிலிருந்து வந்தது.

பேனாவை மேசையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். கடலையிலும் அதே வாசனை. சட்டை இரண்டையும் கழற்றியிருக்கிறார்கள். துவைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

போனில் மலரைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, பொங்கல் வாழ்த்து! இங்க இப்பத்தான் பால் பொங்கிச்சு...”

“என் ஊசிச் சட்டையைக் கழட்டினியா?”

“அழுக்கா இருந்துச்சு அண்ணி. துவைச்சு, காயவச்சு மாட்டிட்டேன்.”

“எதை எதுல மாட்டினே?”

மலர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் லோகன் இருந்தான் போல. “அண்ணி, நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்க ரெண்டையும் மாத்தி மாட்டி வச்சிருந்தீங்க. நான்தான் சரி பண்ணினேன். அவர்கிட்டச் சொன்னா உடனே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாருன்னு மூச்சுக் காட்டல.”

“மாத்தியா? எப்படி மாத்தி?”

“பச்சைப் பேனாவுல ஆரஞ்சு நூல் சட்டை இருந்துச்சு. ஆரஞ்சுப் பேனாவுல பச்சைச் சட்டை. பச்சைக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு, சரியா மாட்டிட்டேன்.”

கூடையிலிருந்து எடுத்த நூலுக்கு நிறம் என்று ஒன்று இருக்கும் என்பதே புனிதாவின் நினைப்பில் இருந்ததில்லை.

“கடலை இருக்கிற சட்டை என்ன நெறம்?” என்றாள் மெதுவாக.

“பச்சை.”

“அது இப்ப எந்தப் பேனாவுல இருக்கு?”

“பச்சைப் பேனாவுல. காலையில போடுறீங்களே, அதுல.” சொல்லும்போதே மலருக்கு ஏதோ புரிந்திருக்கணும். குரல் தேய்ந்தது. “அண்ணி... போட்டுட்டீங்களா?”

“இப்ப என் கையில இருந்தது ஆரஞ்சுப் பேனா. வேகமா இறக்குறது. பெரிய அளவு வச்சு, வயித்துக்கிட்ட கொண்டு போயிட்டேன். உன் பூவாசனைதான் நிறுத்துச்சு.”

அந்தப் பக்கம் மலர் அழ ஆரம்பித்தாள். போன் கை மாறியது. லோகனின் குரல்.

“என்ன ஆச்சு? ஊசி மறுபடி மாறிப்போச்சா? இதுக்குத்தானேக்கா நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! இரு, கிளம்பி வரேன். இன்னிக்கே துணியெல்லாம் எடுத்து வை.”

போனை வைத்துவிட்டான்.

புனிதா இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். காக் லீஜா பெயரைப் படித்துச் சொன்னாள். புனிதா வீட்டுக்குத் திரும்பி, காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, கடலையைக் கழற்றிக் கடலைக்குரியதில் மாட்டி, மொட்டையை மொட்டைக்குரியதில் மாட்டி, நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெடரல் ஹைவே நெரிசலில் அவர்கள் வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாவி கதவில் திரும்புகிற சத்தம் கேட்டதும், “மணி அடிக்கத் தெரியாதா?” என்றாள்.

“இது என்ன நேரம்கா சண்டைக்கு? கிளம்பு. பிளாட்டுக்கு ஒரு குடும்பம் கேட்டுக்கிட்டே இருக்கு. அடுத்த வாரமே வரச் சொல்லிடறேன். தனியா இருந்தா இப்படித்தான் ஆகும்.”

“தனியா இருந்தப்ப ஒண்ணும் ஆகலடா. நீங்க வந்து போனதுக்கு அப்புறம்தான் ஆச்சு.”

“அவ நல்லதுக்குத்தானே...”

“நல்லதுக்குத்தான்! பச்சை, ஆரஞ்சுன்னு நீ சொன்னியே, அதுவும் நல்லதுக்குத்தான். அந்த நல்லதை வச்சுத்தான் இன்னிக்கு என்னைக் கொல்லப் பார்த்தீங்க. தப்புப் பண்ணினது கண்ணு தெரியிற ஆளு. வீட்டை விட்டுப் போக வேண்டியது கண்ணு தெரியாத ஆளா? எந்த ஊரு நியாயம்டா இது?”

“கத்தாதேக்கா, பக்கத்து வீட்டுல...”

“கேக்கட்டும்! அவங்களுக்காவது என் பேனாவைப் படிக்கிறதுக்கு முன்னால என்னைக் கேக்கத் தெரியும்!”

லோகனும் கத்தினான். “உன்னை அந்த ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்ல பார்த்தது நான்! வாய் கோணி, எச்சில் வழிஞ்சு கிடந்தே. அது எனக்குத்தான் தெரியும். உனக்குத் தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வேற யாரு இருக்கா?”

அவன் குரல் உடைந்தது. புனிதாவுக்கு அது கேட்டது. பால்பல் விழுந்த வயதில் அவன் இப்படித்தான் கத்திக்கொண்டே அழுவான். ஆனாலும் அவள் விடவில்லை.

“எனக்கு ஏதாவது ஆகக் கூடாதுன்னா, என் பொருளைத் தொடாதே. நான் எதுக்கு எதை எங்க வச்சிருக்கேன்னு கேளு. கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? சாவியைக் குடு.”

“தர மாட்டேன்.”

அப்போதுதான் மலர் வாயைத் திறந்தாள். அதுவரை பொங்கல் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள் போல. குரல் அங்கிருந்துதான் வந்தது.

“அண்ணி சரியாத்தாங்க வச்சிருந்தாங்க. ஒரு மாசமா சரியாத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. நான்தான் கலரைப் பார்த்துட்டு, அவங்களுக்குத் தெரியலைன்னு நானே முடிவு பண்ணினேன். ஒரு வார்த்தை கேக்கல.”

“நீ சும்மா இரு மலர்.”

“சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு. குடுங்க இப்படி.”

சாவிக்கொத்து சலசலத்தது. வளையம் இறுக்கம் போலிருக்கிறது, “ஸ்ஸ்” என்று மலர் விரலை உதறுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் புனிதாவின் உள்ளங்கையில் ஒரு சாவி வந்து விழுந்தது. மலரின் விரல் ஈரமாக இருந்தது.

“நகம் பேந்துடுச்சா?” என்றாள் புனிதா.

“ஆமா அண்ணி.”

“அங்க அலமாரி ரெண்டாம் தட்டுல பிளாஸ்டர் இருக்கு. இரு. உட்காரு. நான் எடுத்துத் தரேன்.”

மலர் உட்கார்ந்தாள்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, கடலையைத் தேடி எடுத்து, அதற்கேற்ற ஊசியைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். கிளம்பும்போது லோகன் கதவருகே நின்று ஏதோ முணுமுணுத்தான்.

“நல்லாக் கேக்கல,” என்றாள்.

“அந்தக் குடும்பத்தை வேற வீடு பார்த்துக்கச் சொல்லிடறேன்னு சொன்னேன்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

“வீடு வாடகைக்கு இல்லேன்னு சொல்லிடறேன்! போதுமா?”

“போதும். வந்தா மணி அடி.”

அடுத்த வகுப்பில் ரிஸ்வானா கதையைக் கேட்டாள். கேட்டு முடிக்கிறவரை ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. பிறகு, “கலரா?” என்றாள், யாரோ அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி. “நூலுக்குக் கலர் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல ஆன்டி. பிறந்ததிலேர்ந்து நான் அதைப் பத்தி ஒரு நாள்கூடக் கவலைப்பட்டதில்ல. அந்த ரெண்டு உருண்டையையும் கூடையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது நான்தானே.”

“உன்மேல எனக்குக் கோபமில்ல.”

“எனக்கு இருக்கு,” என்றாள் ரிஸ்வானா. கைத்தடியை எடுத்தாள். “வாங்க.”

இருவரும் மாடியிறங்கி, மஞ்சள் மேட்டுக் கல்லைத் தடவிக்கொண்டே நடந்து, நூல் விற்கிற கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஆன்டி வாங்க, அக்கா வாங்க என்று ஸ்டூல் இழுத்துப் போட்டார். புனிதா உட்காரவில்லை.

“ரெண்டு உருண்டை வேணும் அண்ணே. ரெண்டும் ஒரே கலர்.”

“என்ன கலர்?”

“எதுவா இருந்தா எனக்கென்ன? பேனா பச்சை ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு. அந்த ரெண்டு கலர் மட்டும் வேணாம். ஆனா ரெண்டு உருண்டைக்கும் துளி வித்தியாசம் இருக்கக் கூடாது. வெளிச்சத்துல வச்சு நல்லாப் பார்த்துக் குடுங்க.”

கடைக்காரர் நூல் நிற அட்டையைத் தேடுகிற சத்தம் கேட்டது. “உங்களுக்கு என்ன ஆன்டி,” என்று சிரித்தார், “கலர் கொஞ்சம் மாறினாத் தெரியவா போகுது?”

“எனக்கில்ல அண்ணே,” என்றாள் புனிதா. “கண்ணு தெரியிறவங்க வந்து போற வீடு அது.”